நாவலும் இருக்கட்டும், அப்பாவின் கோபமும் இருக்கட்டும்

கேள்வி:

ஐயா, எனக்கு ஆம்பூர். ஆங்கில இலக்கியத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். பிழைப்புக்காக ஊர்விட்டுப் போனவர்களைப் பற்றிய நாவல்கள்தான் என் தலைப்பு. ஓர் இயல் சல்மான் ருஷ்டியின் 'சாத்தானிக் வெர்சஸ்' பற்றியது. நெறியாளர் சொல்லித்தான் எடுத்தேன், ஆன்லைனில் வாங்கினேன். போன மாதம் அப்பா என் மேஜையில் அதைப் பார்த்துவிட்டார். சத்தம் போடவில்லை. "ரசூலை (நபிகள் நாயகத்தை) ஏசின புத்தகம் நாம தொழுற வீட்ல இருக்கணுமா?" என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து என்னோடு பேச்சு இல்லை. இருபது வருஷத்துக்கு மேல் சவூதியில் உழைத்து எங்களைப் படிக்க வைத்தவர் அவர். நானும் ஐந்து வேளை தொழுகிறவள்தான். இந்தப் புத்தகத்தை வைத்திருப்பது சட்டப்படி குற்றமா? ஈமான் (மார்க்க நம்பிக்கை) உள்ள ஒருத்தி இதைப் படிக்கலாமா? அந்த இயலை விட்டுவிடட்டுமா? நெறியாளரோ, "வெறும் நாவல்தானே, வீட்டில் சொல்லாமல் படித்து முடி" என்கிறார். அப்பாவுக்கு எப்படிப் புரியவைப்பது?

ஓர் ஆய்வு மாணவி, ஆம்பூர்

பதில்:
(வேலூர் வட்டாரக் கல்லூரிகளில் ஆங்கில இலக்கியம் கற்பித்து ஓய்வு பெற்ற பேராசிரியர்)

அன்புள்ள அம்மா,

சட்டக் கேள்விக்கு நேரான பதில் இருக்கிறது. அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

அந்தப் புத்தகத்தை வைத்திருப்பது குற்றமில்லை, படிப்பதும் குற்றமில்லை. நாவல் 1988 செப்டம்பர் 26 அன்று பிரிட்டனில் வெளியானது. பத்து நாள்கூட ஆகவில்லை, அக்டோபர் 5 அன்று இந்திய அரசு சுங்கச் சட்டத்தின்கீழ் அதன் இறக்குமதிக்குத் தடை போட்டது. தடை இறக்குமதிக்குத்தான். கையில் இருக்கும் பிரதியைப் படிப்பவரைப் பிடித்து உள்ளே போடும் ஆணை அல்ல அது. 2019-இல் ஒருவர் இந்தத் தடையை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றம் போனார். அந்த அறிவிக்கையின் நகலைக் கேட்டால் எந்த அலுவலகத்தாலும் எடுத்துக் கொடுக்க முடியவில்லை. அப்படியொரு அறிவிக்கையே இல்லை என்றுதான் கொள்ள வேண்டியிருக்கிறது என்று சொல்லி, 2024 நவம்பர் 5 அன்று நீதிமன்றம் வழக்கை முடித்தது. அடுத்த மாதமே டெல்லியில் புத்தகம் விற்பனைக்கு வந்தது. மறுபடியும் தடை கேட்டுப் போன மனுவை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்துவிட்டது. ஆகவே நீங்கள் வாங்கியதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. மத உணர்வைப் புண்படுத்துவது பற்றிய சட்டப் பிரிவு இன்னும் இருக்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தில் 295ஏ, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 299. வேண்டுமென்றே, தீய நோக்கத்தோடு செய்யப்படுவதற்குத்தான் அது பொருந்தும் என்று 1957-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. ஆய்வேட்டில் மேற்கோள் காட்டி விவாதிப்பதற்கு நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் சர்ச்சைக்குரிய பக்கத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் தோழிக்கு அனுப்பினால், அது நாலு குரூப் தாண்டி எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. முன்னும் பின்னும் இல்லாத நாலு வரி, படிப்பவருக்கு வசவாக மட்டுமே போய்ச் சேரும். அதை மட்டும் செய்யாதீர்கள்.

அடுத்தது ஈமான் பற்றிய கேள்வி. நான் முஸ்லிம் இல்லை, மார்க்கம் கற்ற ஆலிமும் இல்லை. மார்க்கத் தீர்ப்பு சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் மதரஸா இருக்கும் வட்டாரம் இது, கேட்பதற்கு ஆளில்லாமல் போகாது. நீங்கள் மதிக்கும் ஒரு ஹஜ்ரத்திடம் கேளுங்கள். கேட்கும்போது கேள்வியை முழுசாகக் கேளுங்கள். "ருஷ்டி புத்தகம் படிக்கலாமா?" என்று மொட்டையாகக் கேட்டால் ஒரு பதில்தான் வரும். ஆராய்ச்சிக்காக, அதில் எது தவறு, எது நியாயம் என்று எடைபோட்டு எழுதுவதற்காகப் படிக்கிறேன் என்று சொல்லிக் கேளுங்கள். பழைய காலத்து இஸ்லாமிய அறிஞர் இமாம் கஸ்ஸாலி தத்துவவாதிகளை மறுத்து எழுதியது ஊரறிந்த விஷயம். மறுப்பதற்கு முன்னால் அவர்கள் சொன்னதையெல்லாம் ஒழுங்காகத் தொகுத்துத் தனியாக ஒரு நூலே எழுதினார். எதிர்தரப்பை முழுசாகப் படித்த பிறகுதான் மறுத்தார். இதை ஹஜ்ரத்துக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நீங்கள் தெரிந்துவைத்திருப்பது நல்லது என்பதால் சொல்கிறேன்.

சரி, நாவலுக்கு வருவோம். இதைத் திட்டுகிறவர்களில் பலரும் படிக்காமல் திட்டுகிறார்கள், கொண்டாடுகிறவர்களிலும் பலர் படிக்காமல்தான் கொண்டாடுகிறார்கள். நீங்கள் அந்த இரண்டு கூட்டத்திலும் சேரக் கூடாது என்பது என் ஆசை.

நாவலில் ஒன்பது பகுதிகள். கடத்தப்பட்ட இந்திய விமானம் ஒன்று இங்கிலாந்தை ஒட்டிய ஆங்கிலக் கால்வாய்க்கு மேலே வெடித்துச் சிதறுகிறது. இரண்டு பேர் கீழே விழுந்தும் சாகவில்லை. ஒருவர் ஜிப்ரீல் ஃபரிஷ்தா, பம்பாய் சினிமாவில் சாமி வேஷம் கட்டிப் பெரிய நட்சத்திரமானவர், கடும் நோயில் விழுந்து எழுந்தபோது நம்பிக்கையை இழந்தவர். இன்னொருவர் சலாதீன் சம்சா. சலாஹுத்தீன் சம்சாவாலா என்ற பெயரை வெட்டி, பேச்சு, நடை, உடை எல்லாவற்றையும் இங்கிலீஷ்காரனுடையதாக மாற்றிக்கொண்டவர். ஒற்றைப்படைப் பகுதிகளில் இந்த இருவரின் கதை வருகிறது. இரட்டைப்படைப் பகுதிகள் ஜிப்ரீல் காணும் கனவுகள். அப்பாவை நோகடிப்பது இரண்டாவது பகுதியும் ஆறாவது பகுதியும். வேறு யாரையாவது நோகடித்திருந்தாலும் அவையாகத்தான் இருக்கும்.

அந்தக் கனவுகளில் ஜாஹிலியா என்ற மணல் நகரத்தில் ஒரு நபி வருகிறார். ஐரோப்பியக் கிறித்தவர்கள் இடைக்காலத்தில் நபிகள் நாயகத்தை ஏச வைத்திருந்த பெயரையே ருஷ்டி அவருக்கு வைத்திருக்கிறார். ஏசியவர்களின் சொல்லையே எடுத்து அணிந்துகொள்வது பலமாகும் என்பது நாவல் சொல்லும் நியாயம். மூன்று பெண் தெய்வங்களை ஏற்கும் வசனங்கள் வந்து, பிறகு அவை சாத்தான் புகுத்தியவை என்று நீக்கப்படுவதாக ஒரு நிகழ்வு வருகிறது. புத்தகத்தின் தலைப்பே அதிலிருந்துதான். தபரி போன்ற பழைய வரலாற்றாசிரியர்கள் இப்படியொரு செய்தியைப் பதிவு செய்திருக்கிறார்கள். பெரும்பாலான ஹதீஸ் அறிஞர்கள் அது இட்டுக்கட்டியது என்று தள்ளிவிட்டார்கள். இரண்டாவது பகுதியில் வரும் இதையாவது விவாதத்துக்குரிய விஷயம் என்று சொல்லலாம். ஆறாவது பகுதி அப்படியில்லை. முஸ்லிம்கள் தங்கள் அன்னையராக மதிக்கும் நபியின் துணைவியரின் பெயர்களை அந்த ஊர் விலைமாதர் பன்னிரண்டு பேர் வைத்துக்கொள்கிறார்கள். கனவில் நடப்பது, அதுவும் நம்பிக்கை இழந்து புத்தி பேதலித்துக்கொண்டிருக்கிற ஒருவனின் கனவு, நபியை எதிர்க்கும் ஊரின் கேலி அது என்பதெல்லாம் ருஷ்டி தரப்பு வாதம். வாதமாக அது நிற்கும். ஆனால் சொந்தத் தாயின் பெயரை அப்படி ஓரிடத்தில் பார்க்கிறவருக்கு, 'இது கனவுதான்' என்ற விளக்கம் எந்த ஆறுதலும் தராது.

என் கருத்தைக் கேட்டால், அந்தக் கனவில் நபி சொல்லச் சொல்ல வசனங்களை எழுதிக்கொள்ளும் எழுத்தனுக்கு வரும் சந்தேகம் நாவலுக்குத் தேவையானது. சந்தேகம் எப்படி ஒரு மனிதனுக்குள் புகுகிறது என்பதை ருஷ்டி அங்கே நேர்மையாக எழுதியிருக்கிறார். விலைமாதர் பகுதி அந்த நோவுக்கு ஈடான எதையும் நாவலுக்குத் தரவில்லை. இது என் வாசிப்பு. நீங்கள் வேறு முடிவுக்கு வரலாம். ஆனால் அந்தப் பக்கங்களைத் தாண்டிக் குதித்துவிட்டு இயல் எழுதாதீர்கள்.

இதனால்தான் உங்கள் நெறியாளர் சொன்ன 'வெறும் நாவல்தானே' என்பதை நான் ஏற்கவில்லை. வேலூர்க்காரர்கள் அப்படிப் பேசக் கூடாது. 1806 ஜூலை 10 விடியலில் நம் கோட்டைக்குள் சிப்பாய்கள் எழுந்ததற்கு உடனடிக் காரணம் என்ன? புது மாதிரித் தலைப்பாகை, நெற்றியில் குறி கூடாது, தாடியைக் கத்தரிக்க வேண்டும் என்ற உத்தரவுகள். திப்புவின் பிள்ளைகள் கோட்டையில் இருந்தது உட்பட வேறு காரணங்களும் உண்டு. ஆனால் மேலே இருந்த வெள்ளை அதிகாரிகளுக்கு அது வெறும் தொப்பியாகத்தான் தெரிந்தது. இந்துச் சிப்பாய்க்கும் முஸ்லிம் சிப்பாய்க்கும் அது அவர்கள் யார் என்ற கேள்வி. அதிகாரம் உள்ள இடத்திலிருந்து வரும் கேலி எப்படிக் கனக்கும் என்பதை இந்த ஊர் இருநூறு வருஷத்துக்கு முன்பே பார்த்துவிட்டது.

இப்போது மற்ற பகுதிகள். உங்கள் ஆய்வுக்கு உயிர் இங்கேதான் இருக்கிறது.

சலாதீன் சிறுவனாக இங்கிலாந்துப் பள்ளி விடுதிக்குப் போகிறான். ஒருநாள் காலைச் சாப்பாட்டுத் தட்டில் புகையில் வாட்டிய மீன் ஒன்று இருக்கிறது. உள்ளே முழுக்க முள். எப்படிச் சாப்பிடுவது என்று தெரியவில்லை. சுற்றி இருக்கும் பையன்கள் பார்க்கிறார்கள், ஒருவன்கூட சொல்லிக்கொடுக்கவில்லை. வாயில் முள் குத்த, அவன் அந்த மீனைத் தின்று முடிக்கத் தொண்ணூறு நிமிஷம் ஆகிறது. எழுந்து போகவும் விடவில்லை. இங்கிலாந்து என்றால் இதுதான் என்று அன்றைக்குப் புரிந்துகொள்கிறான், இவர்களை ஜெயித்துக் காட்டுகிறேன் என்றும் மனதுக்குள் கறுவிக்கொள்கிறான். பிறகு ஆயுள் முழுக்க அவன் இங்கிலீஷ்காரனாக முயல்வது அந்தத் தட்டிலிருந்து தொடங்குகிறது. இரண்டு பக்கம்கூட வராது. பிழைக்கப் போன இடத்தில் ஒருவன் தன்னைத்தானே வெட்டிச் சிறிதாக்கிக்கொள்வதை இதைவிடச் சுருக்கமாக எழுதி நான் படித்ததில்லை.

அப்புறம் அந்த விமானம் வெடித்து அவன் இங்கிலாந்துக் கரையில் விழுந்த பிறகு, திருட்டுத்தனமாக வந்தவன் என்று குடியேற்றப் போலீஸ் வேனில் ஏற்றுகிறார்கள். அவனுக்குக் கொம்பு முளைத்திருக்கிறது, கால்கள் ஆட்டுக்காலாகிவிட்டன. 'நான் பிரிட்டிஷ் குடிமகன்' என்று கெஞ்சுகிறான், அவர்கள் அடித்து இழிவு செய்கிறார்கள். கம்ப்யூட்டரில் பெயரைத் தட்டிப் பார்த்தால் உண்மையிலேயே குடிமகன்தான். உடனே பயந்துபோய் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டுவிடுகிறார்கள். அந்த வார்டு முழுக்கக் குடியேறிகள். ஒருவனுக்குப் புலித்தலை. நைஜீரிய வியாபாரிகளுக்கு வால். செனகலிலிருந்து வந்தவர்கள் பாம்பாகியிருக்கிறார்கள். எப்படி இப்படி ஆக்கினார்கள் என்று சலாதீன் கேட்கிறான். அவர்கள் நம்மை எப்படி வர்ணிக்கிறார்களோ நாம் அப்படியே ஆகிவிடுகிறோம், வர்ணிக்கும் அதிகாரம் அவர்களிடம் இருக்கிறது என்று புலித்தலைக்காரன் சொல்கிறான்.

ஒருமுறை இறுதியாண்டு வகுப்பில் இந்தக் காட்சியைக் கதையாகச் சொன்னேன். பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பையன், வகுப்பில் வாயே திறக்காதவன், எழுந்து நின்றான். "சார், எங்க அண்ணன் தமாம் ஏர்போர்ட்ல நாலு மணி நேரம் தரையில உக்காந்திருந்தானாம். கஃபீல் வந்து கையெழுத்து போட்டு கூட்டினு போனாதான் மனுசனாம். அதுவரைக்கும் பார்சல் மாதிரிதானாம்" என்றான். கஃபீல் என்றால் சவூதியில் வேலைக்கு வருபவருக்குப் பொறுப்பேற்கும் முதலாளி. அன்று பாடத்துக்கு வேறு விளக்கம் நான் சொல்லவில்லை. யார் எழுதியது என்று அவன் கேட்டான். சொன்னேன். அவன் முகம் மாறியது. ஆனால் சொன்னதை அவன் திரும்பப் பெறவில்லை.

நம் வட்டாரம் ஆட்களை அனுப்பும் ஊர் மட்டுமில்லை, ஆட்கள் வந்து இறங்கும் ஊரும்தான். வேலூர் காந்தி ரோட்டில் சி.எம்.சி. ஆஸ்பத்திரி எதிரே உள்ள சந்துகளில் நடந்து பாருங்கள். லாட்ஜ், சாப்பாட்டுக் கடை, மருந்துக் கடை என்று போர்டெல்லாம் வங்காளத்தில் இருக்கும். மேற்கு வங்கத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் நோயாளியைக் கூட்டிக்கொண்டு வந்தவர்கள் மாதக்கணக்கில் அறை எடுத்துத் தங்கி, ஸ்டவ்வில் மீன் குழம்பு வைத்துக்கொண்டு அடுத்த அப்பாயின்ட்மெண்டுக்குக் காத்திருப்பார்கள். அவர்களைப் பற்றி நம் ஆட்டோ ஸ்டாண்டில் என்ன பேசுகிறோம் என்பதையும் கேட்டுப் பாருங்கள். வர்ணிக்கும் அதிகாரம் சில சமயம் நம் கையிலும் இருக்கிறது. ஆய்வேட்டின் முன்னுரையில் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்கினால் நன்றாக இருக்கும்.

இந்த நாவலுக்கு நேர்ந்ததில் பெரிய கொடுமை என்று நான் நினைப்பது வேறு. 1989 ஜனவரி 14 அன்று இங்கிலாந்தின் பிராட்ஃபோர்ட் நகரத்தில் இந்தப் புத்தகத்தைப் பொதுவெளியில் எரித்தார்கள். எரித்தவர்கள் யார்? அந்த ஊர் முஸ்லிம்களில் பெரும்பாலோர் பாகிஸ்தான் பக்கத்துக் காஷ்மீரின் மீர்பூர் பகுதியிலிருந்து வந்தவர்கள். 1960-களில் மங்களா அணை கட்டியபோது அங்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நிலம் இழந்தார்கள். பலர் பிராட்ஃபோர்ட் நூல் ஆலைகளுக்கு ராத்திரி ஷிப்டு பார்க்க வந்து சேர்ந்தார்கள். ஆலைகள் மூடியபோது முதலில் வேலை போனதும் இவர்களுக்குத்தான். போலீஸ் வேனில் அடி வாங்கும் சலாதீனின் கதை அவர்களுடைய கதைதான். யாருக்காக வாதாடுகிறோம் என்று எழுத்தாளர் நினைத்தாரோ அவர்களே தெருவில் நின்று அதை எரித்தார்கள்.

அவர்களைக் காட்டுமிராண்டிகள் என்று பத்திரிகைகள் எழுதின. ஒரு விவரத்தைச் சேர்த்துப் பாருங்கள். அப்போது பிரிட்டனில் தெய்வநிந்தனைச் சட்டம் ஒன்று உயிரோடு இருந்தது. ஆனால் அது கிறித்தவத்துக்கு மட்டும்தான் பாதுகாப்பு. இந்த நாவல் மீது அந்தச் சட்டப்படி நடவடிக்கை கேட்டு முஸ்லிம்கள் நீதிமன்றம் போனார்கள், இஸ்லாத்துக்கு அது பொருந்தாது என்று 1990-இல் தீர்ப்பானது. அந்தச் சட்டத்தையே 2008-இல்தான் எடுத்தார்கள். 'சட்டத்தின் முன் நம் நபிக்கு மரியாதை இல்லை, நமக்கும் இல்லை' என்று அவர்கள் உணர்ந்ததில் தப்பில்லை. புத்தகத்தை எரித்தது தப்பு. இரண்டையும் சேர்த்து எழுதத் தெரிந்தால் உங்கள் இயல் எழுந்து நிற்கும்.

ஆகவே மூன்றாவது கேள்விக்கு என் பதில்: இயலை விடாதீர்கள். ஆனால் அதன் கேள்வியை மாற்றுங்கள். நாவலில் புலம்பெயர்வு எப்படிச் சித்திரிக்கப்படுகிறது என்று நூறு பேர் எழுதிவிட்டார்கள். தன்னைப் பற்றி எழுதப்பட்ட நாவலை ஒரு குடியேறி ஏன் தள்ளிவிடுகிறான், அவன் தள்ளுவதிலும் ஒரு வாசிப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு வெளியே உங்கள் அப்பா இல்லை. அவர் சொன்ன ஒரு வரியில் இடம், வழிபாடு, குடும்பம் மூன்றும் இருக்கின்றன. அவர் நாவலைப் பற்றிக்கூடப் பேசவில்லை, அது எந்த வீட்டில் இருக்கிறது என்றுதான் கேட்டார். பிராட்ஃபோர்ட்காரர்கள் கேட்டதும் ஏறக்குறைய அதேதான்.

பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு தமிழ் நாவலையும் சொல்கிறேன். அதே 1988-இல் தமிழில் தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' வந்தது. குமரிக் கடற்கரை முஸ்லிம் ஊர் ஒன்றில் பணக்கார முதலாளியின் கொட்டம், மார்க்கத்தின் பெயரால் நடக்கும் ஏமாற்று, இங்கிலீஷ் படிப்பை ஹராம் என்று தடுப்பது என்று கடுமையான விமர்சனம்தான். ஆனால் அந்த ஊர்ப் பேச்சிலேயே, அந்த ஊர்க்காரராகவே நின்று எழுதினார். யார், எந்த மொழியில், யார் முன்னால் விமர்சிக்கிறார் என்பது எவ்வளவு பெரிய வித்தியாசத்தை உண்டாக்குகிறது என்று காட்ட இதைவிடப் பொருத்தமான ஜோடி எனக்குத் தெரியவில்லை. உங்கள் அப்பாவும் இதைப் படிப்பார் என்று நினைக்கிறேன்.

அப்பா விஷயம். 'எப்படிப் புரியவைப்பது' என்று கேட்டிருக்கிறீர்கள். புரியவைக்கும் வேலையைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள் அம்மா. அவருக்குப் புரியாமல் இல்லை. உங்களுக்குத் தெரியாத ஒன்று அவருக்குத் தெரியும் என்று எடுத்துக்கொண்டு பேசப் போங்கள்.

முதல் வேலையாக, புத்தகத்தை வீட்டிலிருந்து எடுத்துத் துறை நூலகத்திலோ உங்கள் ஆய்வு அறை அலமாரியிலோ வையுங்கள். இது தோற்றுப்போவது இல்லை. தொழுகிற வீட்டில் வேண்டாம் என்று வீட்டுப் பெரியவர் சொல்வது நியாயமான கோரிக்கை. படிக்காதே என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கவனித்தீர்களா? அவர் கேட்டதைக் கொடுங்கள், கேட்காததை நீங்களாக விட்டுக்கொடுக்காதீர்கள். எடுத்து வைத்த பிறகு நேராகப் போய்ச் சொல்லுங்கள்: "அப்பா, அந்தப் புத்தகம் இப்ப வீட்ல இல்ல. காலேஜ்ல வெச்சிருக்கேன். சொல்லாம கொண்டாந்தது தப்பு. ஆனா ஆராய்ச்சிக்கு நான் அதப் படிக்கிறேன், மறைச்சுப் படிக்கல." இதை அம்மா வழியாகவோ அண்ணன் வழியாகவோ சொல்லி அனுப்பாதீர்கள். நெறியாளர் சொன்னதுபோல மறைத்துப் படித்து, நாளைக்குப் பட்டமளிப்பு அன்று யாரோ ஒரு சொந்தக்காரர் வாயால் அப்பாவுக்குத் தெரிந்தால் அந்த முறிவை ஒட்ட வைக்க முடியாது.

பேச்சு திரும்பி வந்த பிறகு, அவசரமில்லாமல், அவருடைய சவூதி வருஷங்களைக் கேளுங்கள். போய் இறங்கிய முதல் நாள், அங்கே தங்குவதற்கான அனுமதி அட்டையான இக்காமா கைக்கு வர எத்தனை நாள் ஆனது, பாஸ்போர்ட்டை யார் வைத்திருந்தார்கள், உங்களில் யார் பிறந்தபோது அவரால் வர முடியவில்லை. புனித பூமியில்தான் இருந்தார், மக்காவின் ஹரம் பள்ளிவாசலில் தொழுத பாக்கியம் கிடைத்திருக்கலாம். அதே மண்ணில் வேலை இடத்தில் அவரை எப்படி நடத்தினார்கள்? வளைகுடாவில் வேலை பார்த்து வந்த நம் ஊர் ஆட்கள் பலரும் இதை வீட்டில் பேசியதே இல்லை. அத்தர் பாட்டிலும் கம்பளியும் பேரீச்சம்பழமும் பெட்டியில் வந்தன, மற்றதை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள். அவர் சொன்னால் அவர் அனுமதியோடு எழுதி வையுங்கள். ருஷ்டியை நியாயப்படுத்த இதைக் கொக்கியாக மட்டும் ஆக்காதீர்கள். 'பாருங்கப்பா, இந்தப் புத்தகத்திலயும் இதேதான் இருக்கு' என்ற பேச்சை நீங்களாக எடுக்க வேண்டாம். அவரே ஒருநாள், "அப்படி என்னதான் எழுதியிருக்கான்?" என்று கேட்டால் ஒன்பதாவது பகுதியைச் சொல்லுங்கள். இத்தனை ஆண்டு முறுக்கிக்கொண்டிருந்த சலாதீன், அப்பா புற்றுநோயில் சாகக் கிடக்கிறார் என்று கேட்டு பம்பாய்க்கு வருகிறான். வெட்டி எறிந்த சலாஹுத்தீன் என்ற முழுப் பெயருக்கே திரும்புகிறான். நாவலின் மிகச் சிறந்த பக்கங்கள் அவை. அதில் மார்க்கத்தைப் பற்றிய கேலி எதுவும் இல்லை. அப்பாவும் பிள்ளையும் மட்டும்தான்.

அவர் கடைசிவரை கேட்காமலே போகலாம். அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஆபத்து பற்றியும் சொல்லியாக வேண்டும். 1989 பிப்ரவரி 14 அன்று ஈரானின் தலைவர் கொமேனி ருஷ்டியைக் கொல்லச் சொல்லி ஃபத்வா விட்டார். அதே மாதம் பம்பாயில் ஊர்வலத்தின்மேல் போலீஸ் சுட்டுப் பன்னிரண்டு பேர் செத்தார்கள். ஜப்பானிய மொழிபெயர்ப்பாளர் ஹிதோஷி இகராஷி 1991-இல் கொல்லப்பட்டார். அவர் இஸ்லாமியக் கலாசாரத்தைப் படித்து நேசித்த பேராசிரியர். 2022 ஆகஸ்டில் மேடையில் குத்தப்பட்டு ருஷ்டி ஒரு கண்ணை இழந்தார். நம் நாட்டில் பேராசிரியர் முஷிருல் ஹசன், புத்தகம் புண்படுத்துகிறது என்று ஒப்புக்கொண்டே தடை வேண்டாம் என்று சொன்னதற்காக 1992-இல் தன் பல்கலைக்கழகத்திலேயே தாக்கப்பட்டார். நபியை நேசிக்கும் கோடிக்கணக்கானவர்களின் மனநோவுக்கும் இந்தக் கத்திகளுக்கும் சம்பந்தமில்லை. அதை உங்கள் இயலில் அழுத்திச் சொல்லுங்கள். அதேசமயம் உங்கள் பாதுகாப்பையும் யோசியுங்கள். இந்த இயலை முதலில் கருத்தரங்கில் வாசிக்காதீர்கள். தலைப்பில் நாவலின் பெயர் பெரிதாக அச்சடித்த போஸ்டர் எதற்கும் சம்மதிக்காதீர்கள். வாய்மொழித் தேர்வு நடக்கும்போது துறைத்தலைவருக்கு இயலின் உள்ளடக்கம் முன்கூட்டியே எழுத்தில் போயிருக்கட்டும். இதையெல்லாம் செய்து தருவது நெறியாளரின் பொறுப்பு. தலைப்பைக் கொடுத்தவர் அவர்தானே.

அவரிடம் இந்த வாரமே ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். புத்தகம் துறையில் இருக்கும், வீட்டுக்குத் தெரிந்துதான் படிக்கிறேன், இயலின் கேள்வி இப்படி மாறுகிறது, மீரானையும் சேர்க்கிறேன் என்று நாலு விஷயமும் அதில் இருக்கட்டும். தேதி போட்டு அவர் கையெழுத்தோடு ஒரு நகலை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். எழுதும்போது ஆறாவது பகுதியைப் பற்றிய பக்கங்களை முதலில் எழுதுங்கள், அவைதான் கஷ்டம். முடிந்ததும் எனக்கு அனுப்பினால் படித்துவிட்டுச் சொல்கிறேன்.